இளம்புழு வளர்ப்பு: முதல் எட்டு நாட்கள்

பட்டுக்கூடு மகசூல் குறைந்துவிட்டால் நமது விவசாயிகள் கடைசி வாரத்தைத்தான் குறை சொல்கிறார்கள். வெயில் அதிகம், இலை சரியில்லை, மழை வந்துவிட்டது என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. அவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்தாம் பருவத்தில் புழு கூட்டம் கூட்டமாகச் சாகும்போது, அதற்கான நோய்க்கிருமி பல சமயங்களில் முதல் வாரத்திலேயே உள்ளே புகுந்திருக்கும். இளம் புழுவுக்குள் நுழைந்த கிருமி உடனே தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. விவசாயி தோட்டத்து இலையை எல்லாம் வெட்டிப் போட்டு, கூலியையும் கொடுத்து முடித்த பிறகே அது வெளிப்படுகிறது. நஷ்டம் இரட்டிப்பாவது இதனால்தான்.

முட்டையிலிருந்து வெளிவரும் புழு ஏறத்தாழ 3 மில்லி மீட்டர் நீளமே இருக்கும். எடை அரை மில்லி கிராமுக்கு மேல் போகாது. இதே புழு 25 நாட்களுக்குள் தன் பிறவி எடையைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு வளர்கிறது. முதல் பருவத்தில் மட்டும் 10 முதல் 15 மடங்கு வளர்ந்துவிடும். இந்த வேகத்தில் வளரும் உயிருக்கு ஒரு வேளை இலை வாடியிருந்தாலும் அது பெரிய பட்டினிதான். முட்டை பொரித்தது முதல் இரண்டாவது தோலுரிப்பு முடியும் வரையுள்ள 7 அல்லது 8 நாட்களை இளம்புழுப் பருவம் என்கிறோம். சாக்கி என்று சொன்னால்தான் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தில் பலருக்கும் விளங்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த எட்டு நாளுக்கு ஆகும் இலைச் செலவு மிகச் சொற்பம். 100 முட்டைத் தொகுதிக்கு முதல் பருவத்தில் 2 முதல் 2½ கிலோ, இரண்டாம் பருவத்தில் 6 முதல் 7 கிலோ இலை போதும். வளர்ப்பு முழுவதற்கும் தேவைப்படும் இலையோ ஏறத்தாழ ஒரு டன். நூற்றில் ஒரு பங்கு இலை செலவாகும் காலத்தில்தான் மீதி 99 பங்கு இலையின் கதி முடிவாகிறது.

மனை

பெரிய புழு வளர்க்கும் கொட்டகையின் ஒரு மூலையிலேயே இளம் புழுவையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இது கூடவே கூடாது. முந்தைய வளர்ப்பில் செத்த புழுவின் தூசு கொட்டகையின் கூரையிலும் தட்டிலும் ஒட்டியிருக்கும். இளம்புழுவுக்குத் தனி அறை வேண்டும். அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 200 முட்டைத் தொகுதி வளர்ப்பவருக்கு 10 அடிக்கு 10 அடி அறை தாராளம். சுவர் பூசப்பட்டு, தரை சிமெண்டுத் தரையாக இருந்தால் கழுவ எளிது. ஓட்டு வீடானால் உள்ளே ஒரு தட்டுக்கூரை கட்டிக்கொள்ளலாம். சூடும் ஈரமும் தப்பாமல் இருக்க அது உதவும். ஜன்னலுக்கு ஈ நுழையாத வலை அடிக்க வேண்டும்.

புழு வருவதற்கு ஐந்தாறு நாட்களுக்கு முன்பே அறையையும் சாமான்களையும் நன்றாகக் கழுவி, வெயிலில் காய வைக்க வேண்டும். பிறகு கிருமி நீக்கம். 100 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ பிளீச்சிங் பவுடரையும் 300 கிராம் நீற்றுச் சுண்ணாம்பையும் கரைத்து வடிகட்டி, சுவர், தரை, கூரை, தட்டு எல்லாம் சொட்டச் சொட்ட நனையும்படி தெளிக்க வேண்டும். பவுடர் புதியதாக இருக்கட்டும். பிரித்து வைத்த மூட்டையில் குளோரின் போய்விடும். மூக்கைத் துளைக்கும் வாடை இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்புக்குச் சமம். அதைத் தெளித்துவிட்டு நிம்மதியாக இருப்பதைவிடத் தெளிக்காமல் கவலையோடு இருப்பது மேல். இரும்புச் சாமான்களை பிளீச்சிங் பவுடர் அரித்துவிடும் என்பதால் அவற்றுக்கு குளோரின் டை ஆக்ஸைடு கரைசலைப் பயன்படுத்தலாம். பார்மலின் தெளிப்பது பழைய முறை. கதவு ஜன்னலை இறுக மூட முடிந்த அறைக்கு மட்டுமே அது பலன் தரும். தெளிப்பவரின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் அது கெடுதல். தெளித்த பிறகு அறையை மூடி வைத்து, புழு வருவதற்கு ஒரு நாள் முன்பு திறந்து காற்றாட விட வேண்டும்.

வாசலில் பிளீச்சிங் கரைசலில் நனைத்த சாக்கு ஒன்று எப்போதும் கிடக்கட்டும். காலை அதில் துடைத்து, கையைக் கழுவிய பிறகே எவரும் உள்ளே செல்ல வேண்டும். ஊர்க்காரர், உறவுக்காரர் புழு பார்க்க வருவதை மரியாதைக்காக மறுக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. ஐந்தாம் பருவத்தில் வந்து பாருங்கள் என்று சொல்லிவிடுவது நல்லது. நோய் கண்ட கொட்டகையிலிருந்து நேராக வருபவரின் வேட்டியிலும் கிருமி வரும்.

தட்டுகள்

இப்போது பிளாஸ்டிக் தட்டுகள் வந்துவிட்டன. சுமார் 3 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள தட்டு கையாள வசதியானது. மூங்கில் தட்டு வைத்திருப்பவர்கள் சாணம் மெழுகிப் பயன்படுத்துவதை விட்டுவிட வேண்டும். மெழுகின இடுக்கில் கிருமி தங்கும்.

100 முட்டைத் தொகுதிப் புழுக்களுக்கு முதல் நாள் 4 சதுர அடி இடம் போதும். முதல் பருவம் முடியும்போது 14 சதுர அடி தேவை. இரண்டாம் பருவ முடிவில் 45 சதுர அடி. அதாவது ஒரு தட்டில் தொடங்கிய புழு எட்டாம் நாள் ஏழெட்டுத் தட்டு கேட்கும். இந்தக் கணக்கை முன்னதாகவே போட்டுத் தட்டுகளைக் கழுவி வைக்காதவர்கள், இருக்கும் தட்டிலேயே நெருக்கிப் போட்டுவிடுகிறார்கள். நெருக்கத்தில் கிடக்கும் புழுவுக்கு இலையும் எட்டாது, ஒன்றின் எச்சம் மற்றொன்றின் உணவில் கலந்துவிடும். புழுக்கள் சிறிதும் பெரிதுமாக ஆவதற்கு முதல் காரணம் இதுதான்.

தட்டின் அடியில் பாரஃபின் தாளை விரித்து அதன்மேல் புழுப்படுக்கை அமைய வேண்டும். படுக்கையைச் சுற்றிலும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த நுரை ரப்பர் பட்டைகளை வைத்து, மேலே இன்னொரு பாரஃபின் தாளால் மூட வேண்டும். உள்ளே ஈரப்பதம் நின்று, இலை வாடாமல் இருக்கும். பாரஃபின் தாள் கிடைக்காத இடத்தில் பாலித்தீன் தாளைப் பயன்படுத்தலாம். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியிலும் உச்சியிலும் ஒரு காலித் தட்டு வைத்து, அடுக்கு முழுவதையும் தாளால் போர்த்துவதும் உண்டு. எந்த முறையானாலும் இலை போடுவதற்கு அரை மணி முன்பு மூடியை எடுத்துக் காற்றுப்பட விட வேண்டும். மூடியே கிடந்தால் படுக்கையில் நீர் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். தட்டு வைக்கும் பலகையின் கால்களைத் தண்ணீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கிண்ணத்துத் தண்ணீர் வற்றாமல் பார்ப்பது ஒரு வேலை.

முட்டை

முட்டைத் தொகுதிகளைப் பதிவு பெற்ற வித்தகங்களிலேயே வாங்க வேண்டும். இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பெப்ரின் என்னும் நோய் தாய் அந்துப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுப் புழுவுக்கு வருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் பட்டுத் தொழில் இந்த நோயால் சீரழிந்தபோது, லூயி பாஸ்டர் 1865-ஆம் ஆண்டு முதல் அலேஸ் என்னும் ஊரில் தங்கி ஆராய்ந்தார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி நுண்பெருக்கியில் பார்த்து, நோய் இருந்தால் அதன் முட்டையை அழித்துவிடும் முறையை அவர் வகுத்தார். இன்றைக்கும் வித்தகங்களில் நடப்பது அதே பரிசோதனைதான். நோயற்ற முட்டைத் தொகுதி என்ற பெயரே அதிலிருந்து வந்தது. பெப்ரின் வந்த புழுவுக்கு விவசாயி செய்யக்கூடிய வைத்தியம் ஒன்றும் கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரர் மலிவாகத் தருகிறார் என்று முட்டை வாங்குவது, ஒரு டன் இலையைப் பந்தயம் வைப்பதாகும்.

முட்டையைக் காலையிலோ மாலையிலோ, வெயில் இல்லாத நேரத்தில் எடுத்து வர வேண்டும். காற்று புகும் துணிப் பையே ஏற்றது. அதே பையிலோ வண்டியிலோ உரம், பூச்சிமருந்து, புகையிலை எதுவும் இருக்கக் கூடாது. வீட்டில் 25 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் 80 சதம் ஈரப்பதமும் உள்ள இடத்தில் பரப்பி வைக்க வேண்டும். வெயில் காலத்தில் அகலமான மண் பானையைச் சுற்றி ஈர மணல் கொட்டி, பானைக்குள் முட்டை அட்டையை வைப்பது கிராமத்துக்கு ஏற்ற முறை.

பொரிப்பதற்கு இரண்டு நாள் முன்பு ஒவ்வொரு முட்டையிலும் குண்டூசி முனை அளவில் கரும்புள்ளி தெரியும். மறுநாள் முட்டை முழுவதும் நீலம் பாரிக்கும். புள்ளி தெரிந்ததும் முட்டைகளைக் கறுப்புத் தாளில் சுற்றி இருட்டில் வைத்துவிட வேண்டும். முந்திய முட்டையும் பிந்திய முட்டையும் இருட்டில் ஒன்றுக்கொன்று காத்திருந்து சமநிலைக்கு வரும். பொரிக்கும் நாள் விடியற்காலை தாளைப் பிரித்து வெளிச்சம் காட்டினால், காலை 8, 9 மணிக்குள் அநேகமாக எல்லா முட்டையும் பொரித்துவிடும். இந்தச் சிறு வேலையைச் செய்யாதவர்களுக்கு மூன்று நாள் தொடர்ந்து புழு வந்துகொண்டே இருக்கும். அப்படி வந்த புழுக்கள் மூன்று விதத் தோலுரிப்பு, மூன்று விதக் கூடு கட்டுதல் என்று கடைசி வரை தொல்லைதான்.

பொரித்த புழுக்களின் மேல் அரை சென்டி மீட்டர் கண்ணுள்ள வலையை விரித்து, பொடியாக நறுக்கிய இளந்தளிரைத் தூவினால் அவை தாமாக மேலேறி இலைக்கு வந்துவிடும். வலையோடு தூக்கிப் படுக்கையில் வைத்துவிடலாம். புழுவை ஒதுக்கக் கோழி இறகு போதும். விரலால் தொடவோ, அட்டையைத் தட்டி உதிர்க்கவோ கூடாது.

இலை

இளம்புழுவுக்கு நீர்ச்சத்து நிறைந்த மெல்லிய இலை வேண்டும். செடியின் நுனியில் பளபளப்பான பெரிய இலை ஒன்று இருக்கும். அதை அடையாளமாகக் கொண்டு, அதுவும் அதற்கு அடுத்த ஓரிரு இலைகளும் முதல் பருவத்துக்கு. அவற்றுக்குக் கீழுள்ள இலைகள் இரண்டாம் பருவத்துக்கு. நுனிக் கொழுந்து வேண்டாம். அது சத்துக் கூடாத பிஞ்சு. வசதியுள்ளவர்கள் தோட்டத்தின் ஒரு பகுதியைச் சாக்கிக்கென்றே ஒதுக்கி, அதற்கு எருவும் தண்ணீரும் கூடுதலாகக் கொடுப்பது நல்லது. எஸ்-36 ரகம் இதற்கு ஏற்றது. வி-1 ரகமே தோட்டம் முழுவதும் இருந்தாலும் குறையில்லை.

இலையைக் காலை இளம்பொழுதில் பறித்து, ஈரத்துணி போர்த்திய கூடையில் தளர்வாக வைக்க வேண்டும். அமுக்கி அடைத்தால் உள்ளே சூடேறி இலை வெந்துவிடும். நறுக்கும் அளவுக்குப் புழுவின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை உள்ள சதுரத் துண்டு என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முதல் பருவத்தில் அரை சென்டி மீட்டரில் தொடங்கி 2 சென்டி மீட்டர் வரை. இரண்டாம் பருவத்தில் 2 முதல் 4 வரை. பாரஃபின் தாள் மூடி வளர்க்கும்போது நாளுக்கு இரண்டு தடவை இலை போட்டால் போதும். மூடாமல் வளர்த்தால் நான்கு தடவை போட்டும் இலை சுக்காகக் காய்ந்துவிடுகிறது.

இலையின் மேல் இருக்கும் நஞ்சுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. புகையிலைத் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள மல்பெரி இலையைத் தின்ற இளம்புழு பச்சையாகக் கக்கிச் செத்துப் போகும். பழைய வெளியீடுகளில் மல்பெரியில் இலைச்சுருட்டுப் புழுவுக்கு டைக்குளோர்வாஸ் தெளிக்கும்படி எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த மருந்து 2020 டிசம்பர் 31 முதல் நமது நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. அடுத்த வயலில் பருத்திக்கும் காய்கறிக்கும் அடிக்கும் மருந்துகளில் பைரிபிராக்சிஃபென் என்று ஒன்று உண்டு. அது காற்றில் வந்து இலையில் படிந்தால் புழு சாகாது. நன்றாகத் தின்று கொழுக்கும். கடைசியில் கூடு கட்டாது. பக்கத்து நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசி, தெளிக்கும் நாளைத் தெரிந்துகொள்வதும், எல்லை வரப்பிலுள்ள இரண்டு மூன்று வரிசைச் செடிகளை இளம்புழுவுக்குப் பறிக்காமல் விடுவதும் புத்திசாலித்தனம். கொசுவர்த்திச் சுருளும் கொசு விரட்டும் திரவமும் புழு மனையை ஒட்டிய அறையில்கூட வேண்டாம். கொசுவைக் கொல்லும் சரக்கு பட்டுப்புழுவையும் கொல்லும்.

சூடும் ஈரமும்

முதல் பருவத்துக்கு 28 டிகிரி வெப்பம், 85 முதல் 90 சதம் ஈரப்பதம். இரண்டாம் பருவத்துக்கு 27 டிகிரி, 85 சதம். பெரிய புழுவுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: ஐந்தாம் பருவத்தில் 24 டிகிரியும் 70 சதமும்தான். இளம்புழுவுக்கும் பெரிய புழுவுக்கும் ஒரே மனை ஒத்துவராது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

ஈரப்பதத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரண்டு வெப்பமானி உள்ள கருவி ஒன்று அறையில் தொங்கட்டும். உலர் குமிழ் 28 காட்டும்போது ஈரக் குமிழ் 26 காட்டினால் ஈரப்பதம் ஏறத்தாழ 85 சதம். வித்தியாசம் 3 டிகிரி ஆனால் 78 சதத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள். வித்தியாசத்தை 1 முதல் 2 டிகிரிக்குள் வைத்துக்கொண்டால் போதும். ஈரக் குமிழின் துணி அழுக்கேறாமலும், கிண்ணத்தில் தண்ணீர் வற்றாமலும் இருந்தால்தான் கருவி உண்மை சொல்லும்.

மார்கழி, தை மாதங்களில் ஓசூர், தாளவாடி போன்ற மேட்டுப் பகுதிகளில் இரவுக் குளிர் கடுமை. மின்சாரச் சூடேற்றி உத்தமம். அது இல்லாதவர்கள் கரி அடுப்பை வெளியிலேயே புகையடங்கும் வரை எரியவிட்டு, பிறகுதான் உள்ளே கொண்டு வர வேண்டும். அப்போதும் கதவைச் சிறிது திறந்து வைத்திருக்க வேண்டும். அடைத்த அறையில் கரி வாயு சேர்ந்தால் புழுவுக்கு மட்டுமல்ல, அங்கே படுத்திருக்கும் ஆளுக்கும் உயிராபத்து. சித்திரை, வைகாசியில் ஜன்னலில் நனைத்த கோணிச் சாக்கைத் தொங்கவிட்டால் சூடு தணிந்து ஈரமும் கிடைக்கும்.

தோலுரிப்பு

பொரித்து மூன்று, மூன்றரை நாளில் புழு தின்பதை நிறுத்தும். உடல் பருத்து மினுமினுப்பாகி, தலையைத் தூக்கியபடி அசையாமல் நிற்கும். இது நோயல்ல, பழைய சட்டையைக் கழற்றப் புதிய சட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ ஒரு நாள் இந்த உறக்கம் நீடிக்கும். இரண்டாம் தோலுரிப்பு அதற்கு இரண்டு, இரண்டரை நாள் தீவனத்துக்குப் பிறகு வரும்.

இளம்புழு வளர்ப்பில் ஒருவருடைய கைத்தேர்ச்சி தெரிவது இந்த இடத்தில்தான். புழுக்கள் உறங்கத் தொடங்கியதும் இலையின் அளவைக் குறைத்து, இன்னும் பொடியாக நறுக்கித் தூவ வேண்டும். பத்தில் ஒன்பது புழு உறங்கியதும் இலையை நிறுத்தி, பாரஃபின் தாளையும் நுரை ரப்பரையும் எடுத்துவிட வேண்டும். இதுவரை தேடித் தேடிச் சேர்த்த ஈரம் இப்போது வேண்டாம். ஈரப்பதம் 70 சதத்துக்கு இறங்கட்டும். சலித்த சுண்ணாம்புத் தூளை மெல்லிய துணியில் கட்டி மேலாகத் தூவினால் படுக்கை காய்ந்துவிடும். ஈரமான படுக்கையில் உறங்கும் புழுவுக்குச் சட்டை சரியாகக் கழலாது. மிச்சமிருக்கும் பச்சை இலையை முந்தி விழித்த புழு தின்றுவிடும். அதிலிருந்தே ஏற்றத்தாழ்வு தொடங்கும்.

விழித்த புழுவை அதன் தலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, வெளிறிய பழுப்பு நிறம். சில புழுக்கள் விழித்து ஊர்வதைக் கண்டதும் பசிக்குமே என்று இரக்கப்பட்டு இலை போடுவோர் பலர். இந்த இரக்கம் கூடாது. நூற்றுக்கு 95 புழு விழிக்கும் வரை காத்திருக்க வேண்டும். முன்னால் விழித்தது சில மணி நேரம் பசி தாங்கும். இலை போடுவதற்கு அரை மணி முன்பு விஜேதா போன்ற படுக்கைக் கிருமிநாசினித் தூளை அதன் உறையில் கண்ட அளவுப்படி புழுக்களின் மேல் தூவ வேண்டும். அதன்பின் வலையை விரித்து, வலையின் மேல் இலை போட்டால் புழு மேலே வந்துவிடும். பழைய படுக்கையை அப்படியே சுருட்டி எடுத்துவிடலாம்.

படுக்கை மாற்றுவது முதல் பருவத்தில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். இரண்டாம் பருவத்தில் விழித்ததும் ஒன்று, அடுத்த உறக்கத்துக்கு முன் ஒன்று என இரண்டு தடவை. இளம்புழுவை அடிக்கடி கிளறினால் கழிவோடு புழுவும் குப்பைக்குப் போகும். 100 தொகுதியில் 48 ஆயிரம் புழுக்கள் வரை இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு இப்படிக் காணாமற் போனாலும் யாருக்கும் தெரியாது. ஒரு கூடு 1.7 கிராம் என்று கொண்டால் ஏறத்தாழ 8 கிலோ கூடு குப்பையோடு போயிருக்கும். எடுத்த படுக்கையைத் தோட்டத்தில் கொட்டாமல், தொலைவில் குழியில் போட்டு மூட வேண்டும்.

உறங்காமல் அலையும் புழு, வளராமல் நிற்கும் புழு, உடல் வீங்கிப் பால் போன்ற நீர் வடியும் புழு ஆகியவற்றைக் கண்டவுடன் குச்சியால் எடுத்துச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்த கிண்ணத்தில் போட வேண்டும். அவற்றைக் கோழிக்குப் போடுவதும், வாசலில் எறிவதும் நோயை விதைப்பதாகும்.

நாமே வளர்ப்பதா, வாங்குவதா?

ஒரு ஏக்கருக்கும் குறைவான தோட்டம் வைத்திருப்பவர், தனி அறைக்கு வழியில்லாதவர், பகலில் வேறு வேலைக்குச் செல்பவர் ஆகியோர் இளம்புழு வளர்ப்பு மையத்தில் இரண்டாம் தோலுரிப்பு வரை வளர்ந்த புழுவை வாங்கிக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. கொடுக்கும் விலை, மிச்சமாகும் எட்டு நாளுக்கும் மன நிம்மதிக்கும் ஈடாகும். மத்தியப் பட்டு வாரியச் சட்டத்துக்கு 2006-இல் வந்த திருத்தத்தையும், அதன்கீழ் 2010-இல் வந்த விதிகளையும் ஒட்டி, வித்தகங்களைப் போலவே இளம்புழு வளர்த்து விற்பவர்களும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவைக் கேட்டுப் பார்க்க விவசாயிக்கு உரிமை உண்டு; அதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

மையத்துக்குச் செல்பவர் தட்டைக் கவனித்துப் பார்க்க வேண்டும். எல்லாப் புழுவும் ஒரே அளவில், ஒரே சமயத்தில் உறங்குகின்றனவா? படுக்கை காய்ந்திருக்கிறதா? எந்தத் தேதியில் பொரித்தவை, எந்த வித்தகத்து முட்டை என்ற விவரத்தைத் தருகிறார்களா? மையத்தின் வாசலில் உங்களைக் கால் துடைக்கச் சொல்லாமல் உள்ளே விட்டால், நேற்று வந்தவரையும் அப்படியே விட்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொள்ளலாம்.

புழுவை இரண்டாம் உறக்கத்தில் இருக்கும்போது, காலை அல்லது மாலைக் குளிர்ச்சியில் எடுத்து வர வேண்டும். விழித்து இலை தின்னத் தொடங்கிய பிறகு குலுக்கினால் தாங்காது. வீட்டுக்கு வந்ததும் நிழலில், காற்றோட்டமாகத் தட்டில் பரப்பி, விழிக்கும் வரை தொந்தரவு செய்யாமல் விட்டுவிட வேண்டும். மூன்றாம் பருவத்தின் முதல் இலை போடும்போது வெப்பம் 26 டிகிரி, ஈரப்பதம் 80 சதம் இருக்கட்டும். பாரஃபின் தாள் இனித் தேவைப்படாது. அதைக் கழுவிக் காயவைத்துச் சுருட்டி அடுத்த வளர்ப்புக்கு எடுத்து வைக்கலாம்.